திருச்சி மாமன்றம்: முடிவு எடுப்பது யார்?

*மாதாமாதம் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள். ஆனால் பேருந்து நிலையம் எங்கே, மார்க்கெட் எங்கே, வரி எவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடை வேறெங்கோ எழுதப்படுகிறது. திருச்சி, ஸ்ரீரங்கம் மக்களின் நகர மன்றம் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறது?*

மாமன்றக் கூட்டம் நடக்கும் நாளில் பாரதிதாசன் சாலையிலுள்ள திருச்சி மாநகராட்சி மைய அலுவலகத்துக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது கட்சிக்கரை வேட்டிகள். அடுத்து, மனுவும் கையுமாக நிற்கும் வார்டு மக்கள். கவுன்சிலரை வீட்டில் பிடிக்க முடியாதவர்கள் இங்கே பிடித்துவிடலாம் என்று வந்திருப்பார்கள். அரங்குக்குள் டவாலி குரல் கொடுக்க, அங்கியும் சங்கிலியுமாக மேயர் வந்து அமர்வார். பக்கத்தில் ஆணையர். எதிரே ஃபைல் அடுக்குகளோடு நகரப் பொறியாளர், நகர்நல அலுவலர், மண்டல உதவி ஆணையர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் பொருள் நிரல் விரியும்.

அந்தப் பொருள் நிரல் புத்தகத்தை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுக்கான கணினி பராமரிப்பிலிருந்து நீரேற்று நிலைய மோட்டார் பழுது, கழிப்பிடங்களின் குத்தகை, தூய்மைப் பணியாளர்களுக்கான கையுறை வரை எல்லாம் அதில் உண்டு. வாசகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அவசர அவசியம் கருதி, மேயரின் முன்அனுமதி பெற்று, வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. செலவுக்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது. குழாய் உடைந்து தெருவில் தண்ணீர் ஓடும்போது மன்றம் கூடட்டும் என்று காத்திருக்க முடியாதுதான். அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் தேதி தெரிந்து வருகிற திருவிழா ஏற்பாடும் அவசர வேலையாகப் பட்டியலில் ஏறும்போது, அவசரம் யாருக்கு என்று கேட்கத் தோன்றும்.

பொருள்களை வரிசையாக வாசித்து நிறைவேற்ற அதிக நேரம் ஆவதில்லை. நேரமெல்லாம் பொருள் நிரலில் இல்லாத விஷயங்களில்தான் போகிறது. பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடப்படவில்லை, மூடிய இடத்தில் ரோடு உள்வாங்கிவிட்டது, விளக்கு எரியவில்லை, குடிநீர் கலங்கலாக வருகிறது, மாடு குறுக்கே படுத்திருக்கிறது, நாய் துரத்துகிறது. "போன கூட்டத்துலயும் இதையேதான் பேசினேன்" என்பது எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கூட்டத்திலும் சொல்லக்கூடிய வாக்கியம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தெருவில் நிகழ்வது பெயரோடும் இடத்தோடும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவது இந்த அரங்கில் மட்டும்தான். சட்டமன்றத்தில் உறையூர்ச் சந்து ஒன்றின் மேன்ஹோல் மூடியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

2025 ஏப்ரலில் அதே உறையூரில், குடிநீரில் கழிவுநீர் கலந்து வந்ததாகவும் அதைக் குடித்து உயிர்கள் போனதாகவும் மக்கள் சாலைக்கு வந்தார்கள். குடிநீர் காரணமில்லை என்று நிர்வாகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர் நிறம் மாறுகிறது, நாறுகிறது என்கிற புகார்தான் மாமன்றத்தில் ஆண்டுக்கணக்காக மிகச் சலிப்பூட்டும் புகார் என்பதை நினைத்தால் அந்தச் சலிப்பு போய்விடும்.

65 வார்டுகள், 5 மண்டலங்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் தி.மு.க. கூட்டணி மன்றத்தை வாரிக்கொண்டது, அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது மூன்றே இடம். மார்ச் 4 அன்று மு.அன்பழகன் மேயராகவும் ஜி.திவ்யா துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எதிர்க்கட்சி இவ்வளவு மெலிந்துபோனால் மன்றம் ஆமாம் போடும் இடமாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை. மூன்று பேர் செய்ய முடியாத எதிர்க்கட்சி வேலையைக் கூட்டணிக் கட்சிக்காரர்களும், சில நாள் ஆளுங்கட்சிக்காரர்களுமே செய்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கோபம் அதிகாரிகள் மேல் பாயும். கொள்கை மேல் பாயாது. "போன் பண்ணினா எடுக்கறதில்லை" என்று உதவிப் பொறியாளரைப் பிடித்து உலுக்கலாம். பாதாள சாக்கடை ஒப்பந்தத்தில் ரோடு போடும் பொறுப்பு யாருடையது, காலக்கெடு தாண்டினால் என்ன அபராதம் என்று கேட்பது அபூர்வம்.

மதில்களுக்குள் வார்டு

இந்த ஊருக்கு நகர மன்றம் புதிதல்ல. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866 நவம்பர் 1 அன்று தொடங்கியது. தமிழக அரசு இப்போது உள்ளாட்சி தினம் என்று கொண்டாடுவதும் நவம்பர் 1தான். இந்தப் பொருத்தத்தைத் திருச்சிக்காரர்கள் யாரும் பெருமை பேசிக் கேட்டதில்லை. பதவிவழி உறுப்பினர் இருவர், நியமன உறுப்பினர் ஒன்பது பேர் என்றுதான் மன்றம் ஆரம்பமானது. தேர்தல் 1877இல் வந்தது. தலைவரையே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்க 1889 ஆனது. ஆக, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார 23 வருஷம் பிடித்தது.

ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் தனி நகராட்சி. 1871 முதல் 1994 வரை தன் தெருவைத் தானே கூட்டி, தன் வரியைத் தானே வாங்கிய ஊர். 1994 ஜூன் 1 அன்று ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சி ஆனது. மூன்று மன்றங்கள் பேசிய பேச்சை அன்றிலிருந்து ஒரே மன்றம் பேசுகிறது.

ஸ்ரீரங்கத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வேறு ஊர்களில் கோயில் மதில் முடிகிற இடத்தில் நகராட்சி தொடங்கும். இங்கே ஏழு பிராகாரங்களில் வெளி மூன்று குடியிருப்புத் தெருக்கள். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு என்று மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே வீடும் கடையும் பள்ளிக்கூடமும் சாக்கடையும். குப்பை வண்டி கோபுர வாசலுக்குள் புகுந்துதான் வர வேண்டும். சித்திரைத் தேர் புறப்படும் வீதியில் மேன்ஹோல் மூடி ஒரு அங்குலம் தூக்கலாக இருந்தாலும் அது அறநிலையத் துறைக்கும் மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் சேர்ந்த தலைவலி. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை எழுதியது அரசு. விதியை மீறி மாடி எழும்பினால் வசவு வாங்குவது மாநகராட்சி.

வைகுண்ட ஏகாதசிக்கு ஊரின் மக்கள்தொகை ஒரே இரவில் பல மடங்காகிறது. தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, அம்மா மண்டபத்தில் விளக்கு, மற்ற மண்டலங்களிலிருந்து வரவழைக்கப்படும் தூய்மைப் பணியாளர்கள் என்று செலவு நீளும். ஆடிப்பெருக்குக்கும் இதே கதை. சொர்க்கவாசல் காலையில் திறந்தது பத்திரிகையில் வரும். அன்று மாலைக்குள் வீதி சுத்தமானது வராது. பழைய நகராட்சியாக இருந்தால் மன்றத்துக்கு இதுவே முதல் பொருளாக இருந்திருக்கும். இப்போது ஐந்தில் ஒரு மண்டலத்தின் பொருளாக வரிசையில் நிற்கிறது. பணம் பெரிய மன்றத்தில் இருக்கிறது, கவனம் சின்ன மன்றத்தில் இருந்தது. ஸ்ரீரங்கத்து முதியவர்கள் 'நம்ம முனிசிபாலிட்டி' என்று இன்னும் பெருமூச்சு விடுவதில் பழம்பெருமை மட்டும் இல்லை.

பாலமும் அப்படித்தான். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் 1976இன் காவிரிப் பாலம் 2022 இறுதியில் பழுதுபார்க்க மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறந்தது. அத்தனை மாதமும் ஸ்ரீரங்கம் சுற்றிக்கொண்டு போனது. வசவு கவுன்சிலர்களுக்கு வந்தது. பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது.

ஆள் இல்லாத ஐந்தாண்டு

மன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திருச்சி ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2 அன்று. இடையே ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அதாவது, தீர்மானத்தை முன்மொழிகிறவரும் அவரே, நிறைவேற்றுகிறவரும் அவரே, செயல்படுத்துகிறவரும் அவரே.

திருச்சியின் மிகப்பெரிய நகரச் செலவுத் திட்டம் இந்த இடைவெளியில்தான் வந்து இறங்கியது. 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருச்சியின் பெயர் வந்தது. அதை நடத்தத் தனி கம்பெனி. சத்திரம் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுவது, அடுக்குமாடி வாகன நிறுத்தம், அரியமங்கலம் குப்பைமேட்டைப் பிரித்துக் கரைப்பது எல்லாம் திட்டமிடப்பட்டதும் டெண்டர் விடப்பட்டதும் ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில். சத்திரத்தில் பேருந்து எங்கே நிற்க வேண்டும், பூக்காரம்மா எங்கே உட்கார வேண்டும் என்று கேட்க அப்போது மன்றம் இல்லை. 2021 டிசம்பரில் நிலையம் திறந்தது. 2022இல் மன்றம் வந்தபோது அதைப் பராமரிக்கும் செலவு மட்டும் பொருள் நிரலில் ஏறியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் தூய்மை நகரத் தரவரிசையில் திருச்சி 2015இல் இரண்டாமிடம், 2016இல் மூன்றாமிடம். 2017இல் ஆறு, 2018இல் 13, 2019இல் 39. மன்றம் இல்லாததால் சரிந்தது என்று எழுதிவிடலாம். கட்டுரைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் போட்டியிட்ட நகரங்களின் எண்ணிக்கை 2016இல் 73, 2017இல் 434, அதற்கடுத்த ஆண்டு நான்காயிரத்துக்கும் மேல். மதிப்பெண் போடும் முறையும் வருஷத்துக்கு வருஷம் மாறியது. ஆகவே இதை முழுக்க ஆள் இல்லாத நாற்காலிகளின் தலையில் கட்ட முடியாது. வார்டில் குப்பை வண்டி வரவில்லை என்று கேட்க ஐந்து வருஷம் ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

மார்க்கெட் போகாத ஊருக்கு

காந்தி மார்க்கெட்டை நள்ளிரவுக்குப் பிறகு பார்க்க வேண்டும். லாரிகள் தஞ்சாவூர் ரோட்டில் வரிசை கட்டும். வெங்காய மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சுமைத் தொழிலாளி நடக்கும் சந்தில் இன்னொருவர் எதிரே வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். தரையில் கோஸ் இலையும் சேறும். மழைக்காலத்தில் அங்கே செருப்போடு போவதா செருப்பில்லாமல் போவதா என்பது தனி விவாதம். 1868இல் கோட்டைப் பகுதிக்கென்று ஏற்பட்ட சந்தை, இன்று சுற்றுப்பட்ட பல மாவட்டங்களுக்குக் காய்கறி அனுப்புகிறது. இடம் போதவில்லை என்பதில் வியாபாரிக்கும் அதிகாரிக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எங்கே போவது என்பதில்தான் இருபது வருஷச் சண்டை.

அரசு சொன்ன விடை கள்ளிக்குடி. மதுரை நெடுஞ்சாலையில் நகரிலிருந்து பத்து கிலோமீட்டர் தாண்டி, 77 கோடி ரூபாய் செலவில், காய் கனி பூவுக்கான மத்திய வணிக வளாகம் எழும்பியது. 2017 செப்டம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. வியாபாரிகள் போகவில்லை. கடை சிறிது, லாரி திரும்ப இடம் இல்லை, சில்லறை வியாபாரி இவ்வளவு தூரம் வரமாட்டார் என்றார்கள். கட்டியது வேளாண் விற்பனைத் துறை. காந்தி மார்க்கெட் கடைகளுக்கு வாடகை வாங்குவது மாநகராட்சி. மார்க்கெட்டுக்குச் சொந்தக்காரரான நகர மன்றத்துக்கும், மார்க்கெட்டை இடம் மாற்றிய திட்டத்துக்கும் நடுவே ஒரு மேசைகூடப் போடப்படவில்லை என்பது கட்டடம் காலியாகக் கிடந்தபோது எல்லோருக்கும் புரிந்தது.

கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, பொன்மலை ஜி கார்னர் ரயில்வே மைதானத்துக்கு மொத்த வியாபாரம் போனது. திறந்தவெளி, தார்ப்பாய்க் கூரை. மார்க்கெட்டை மறுபடி திறக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட, வழக்கு நடந்து, தடை நீங்கி, நவம்பர் கடைசியில்தான் கடைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. அந்த எட்டு மாதத்தை யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவசியம் வந்தால், இடம் சரியாக இருந்தால், இந்த வியாபாரிகள் நகர்வார்கள். கட்டிவிட்டு வா என்றால் வரமாட்டார்கள்.

அடுத்த விடை பஞ்சப்பூர். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கென்று மாநகராட்சி கையில் வைத்திருந்த பெரும் நிலம் அங்கே இருந்தது. ஊர் முகம் சுளித்த அந்த நிலம்தான் இன்று மாநகராட்சியின் பெரிய சொத்து. ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு 2021 டிசம்பர் 30 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 2025 மே 9 அன்று திறந்துவைத்தார். கலைஞர் பெயர் சூட்டப்பட்டது. ஜூலை 16 முதல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. திறப்பு விழா நாளிலேயே, பக்கத்தில் 236 கோடி ரூபாயில் காய்கறி மொத்தச் சந்தைக்கும் அடிக்கல் விழுந்தது.

அடிக்கல் விழுந்த வேகத்துக்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும். 2021இல் நகராட்சி நிர்வாகத் துறையை ஏற்ற கே.என்.நேரு திருச்சி மேற்குத் தொகுதிக்காரர். நிலம் மாநகராட்சியுடையது, கட்டியதும் மாநகராட்சி, மன்றத் தீர்மானங்களும் முறைப்படி இருக்கின்றன. கள்ளிக்குடியைவிட இது நல்ல வழி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் மதுரை பஸ் பிடிக்க இனி ஊரை வடக்கிலிருந்து தெற்கே முழுசாகக் கடக்க வேண்டும். அதற்கு எத்தனை டவுன் பஸ், எந்த நேரம் வரை, டிக்கெட் எவ்வளவு என்ற கேள்விகள் கட்டடம் திறந்த பிறகே சூடு பிடித்தன. அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே மூன்று வருஷத்துக்கு மேல் மாமன்றம் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வார்டிலிருந்தும் பஞ்சப்பூருக்கு எப்படிப் போவது என்று ஒரு கூட்டம் முழுவதையும் செலவழித்திருந்தால், அது மன்றத்துக்கே உரிய வேலையாக இருந்திருக்கும்.

வரி யார் போட்டது?

மன்றத்தின் கை எவ்வளவு நீளம் என்று பார்க்கச் சொத்து வரி போதும். 2022 மார்ச் கடைசியில் அரசு ஓர் உத்தரவு போட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் கீழான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 2,000 ரூபாய் கட்டியவருக்கு 3,000. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியை உயர்த்தியாக வேண்டும் என்று மாநில அரசு காரணம் சொன்னது. நாங்கள் உயர்த்தச் சொல்லவில்லை என்று மத்தியில் ஆள்வோர் சொன்னார்கள். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத மன்றங்கள் தமிழகம் முழுக்க அந்த ஏப்ரலில் கூடி அதைத் தீர்மானமாக்கின. டெல்லி எழுதிய நிபந்தனை, சென்னை போட்ட சதவீதம், திருச்சி எழுப்பிய கை. வரி ரசீதோடு மக்கள் போய் நின்றது கவுன்சிலர் வீட்டு வாசலில்.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 12ஆவது அட்டவணை நகர மன்றங்களுக்கு 18 பொறுப்புகளைச் சொல்கிறது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. பட்டியல் என்னவோ நீளம்தான். ஆனால் ஆணையரை அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் அரசு, முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறை, பேருந்து போக்குவரத்துக் கழகம், விளக்குக் கம்பம் மாநகராட்சி ஆனால் கம்பி மின்வாரியம். இவ்வளவையும் கழித்துவிட்டு மிச்சமிருப்பதுதான் மாமன்றத்தின் ராஜ்ஜியம்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். 1996, 2001, 2011இல் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையிலும் மேயரானவர் சாருபாலா தொண்டைமான். யார் ஆட்சிக்கு எது வசதியோ அது விதி. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து திருச்சியின் 1994ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்துக்கு விடை கொடுத்தது. 1998இல் இயற்றிய சட்டம் அமலுக்கு வர 25 வருஷம். இதைவிடப் பொருத்தமான உள்ளாட்சிக் கதை வேண்டுமா?

அதே ஆண்டு ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். மேயருக்கு 30,000. கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். சம்பளமே இல்லாத வேலைக்குக் காண்டிராக்டர்களும் கடைக்காரர்களும்தான் வருவார்கள் என்று குறைசொல்லிவிட்டு, பத்தாயிரம் கொடுத்ததையும் குறைசொல்ல முடியாது.

கையிலிருக்கும் ஆயுதம்

மிச்சமிருக்கும் ராஜ்ஜியத்திலேயே திருச்சி பெரிய காரியம் செய்திருக்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமாலயா தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்களின் கையில் கொடுத்தது மாநகராட்சி. ஒரு ஆளுக்குச் சில்லறைக் காசு. வாசலில் நோட்டுப் புத்தகம், சாவி, கணக்கு எல்லாம் பெண்களிடம். அந்தக் காசிலேயே பல்பு மாற்றி, பினாயில் வாங்கி, காவலாளுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பது அறவே ஒழிந்த முதல் குடிசைப் பகுதி என்று கல்மந்தையின் பெயர் 2002இல் நாடெங்கும் பேசப்பட்டது. கிராமாலயா நிறுவனர் எஸ்.தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ. டெல்லியும் சென்னையும் சொல்லிச் செய்ததல்ல அது. ஊருக்குள்ளேயே எடுத்த முடிவு. பெரிய பணமும் தேவைப்படவில்லை.

அந்த மாதிரி முடிவுகளுக்கு இன்று ஒரு வாசல் இருக்கிறது. வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை. கிராம சபையின் நகரத்துத் தங்கை. 2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுக்க முதல் பகுதி சபைகள் கூடின. ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். கவுன்சிலர் தலைமை தாங்குவார், அந்தப் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் பேசலாம். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எண்ண ஒரு கை விரல் போதும்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு நேராகக் கொடுத்தார்கள். காசு வந்தது, அதனால் கூட்டத்துக்கு ஆள் வந்தது. இங்கிலாந்தில் நகர மன்றக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளரும் பொதுமக்களும் போவதைச் சட்ட உரிமையாக்கியது 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போதுதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப் பேச்சே அதுதான். பிற்காலத்தில் உள்ளாட்சிகளின் கையைக் கட்டியவர் என்று பெயர் வாங்கியவர் அவர் என்பது வேறு விஷயம்.

திருச்சிக்குச் சட்டம்கூட வேண்டாம். பொருள் நிரலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலக வாசலில் ஒட்டலாம். மூன்று மாதத்துக்கு முன் கவுன்சிலர் கேட்ட கேள்விக்கு என்ன நடவடிக்கை என்று அடுத்த கூட்டத்தின் முதல் பக்கத்தில் அச்சிடலாம். இரண்டுக்கும் அரசாணை தேவையில்லை. மேயரும் ஆணையரும் ஒப்புக்கொண்டால் போதும். பின்னேற்புக்கு வரும் பொருள்களைத் தனியாகப் பட்டியலிட்டு, எது நிஜமாக அவசரம், எது அவசரமாக்கப்பட்டது என்று ஒரு கவுன்சிலர், ஒரே ஒருவர், ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டால் ஆறு மாதத்தில் பட்டியல் பாதியாகச் சுருங்கும் என்பது என் கணிப்பு.

இதற்கிடையே ஊர் இன்னும் விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் அறிவிப்பு வந்ததும் 2025 ஜனவரியில் அதவத்தூர் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்பது அவர்கள் பயம். முதல் பயம் நிச்சயமாக நிஜம். அந்தத் திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். மாநகராட்சியில் சேர்ந்தால் பதிலுக்கு என்ன கிடைக்கும், எந்த வருஷத்துக்குள் குழாய் வரும், எந்த வருஷத்துக்குள் பாதாள சாக்கடை வரும் என்று எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 2011இல் சேர்ந்த திருவெறும்பூர்ப் பக்கத்து மக்களிடம் கேட்டால் காத்திருப்பின் நீளத்தைச் சொல்வார்கள்.

இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் அதன் மேசைக்கு வந்தாக வேண்டிய பொருள்கள் சில இருக்கின்றன. பஞ்சப்பூர்ச் சந்தையில் யாருக்கு எத்தனை கடை, என்ன வாடகை. காந்தி மார்க்கெட்டின் சில்லறைக் கடைக்காரர்கள், தரையில் சாக்கு விரித்து விற்கும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் போவதா இருப்பதா. காலியாகும் பழைய இடத்தில் என்ன வரும். இதில் முன்அனுமதிக்கு இடமில்லை, அவசர அவசியமும் இல்லை. கட்டடம் எழும்ப மாதங்கள் ஆகும், 65 நாற்காலிகளிலும் ஆள் இருக்கிறது.